ஆறு குழித் துப்பாக்கி

என் மாமனார் ஒரு ஜமீன் ஏலத்தில் எடுத்து வந்த சீமைத் துப்பாக்கி அது. என் தோள் உயரம் இருக்கும். நீளக் குழலுக்குப் பின்னால், கைத்துப்பாக்கியில் இருப்பதுபோல ஆறு குழியுள்ள உருளை. தோட்டா கிடையாது. ஒவ்வொரு குழியிலும் முன்பக்கமாகக் கருமருந்து போட்டு, ஈயக் குண்டை இடித்து இறக்கி, பின்னால், சுத்தியல் அடித்ததும் பொறி தெறிக்கும் கேப்பு மாட்ட வேண்டும். ஒரு குழி வெடித்தபின் சுத்தியலை இழுத்தால் உருளை திரும்பி அடுத்தது வந்து நிற்கும்.

ஆயுத பூஜை முடிந்ததும் கண்மாய்க் கரையைப் பார்த்து அதைச் சுடுவது வீட்டு வழக்கம். சுடுபவர் என் வீட்டுக்காரர். நாரணாபுரத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவரும் அவர்தான். எனக்குக் கல்யாணமான வருஷம், ஐம்பதுகளின் கடைசி. காலையிலேயே ஆறு குழியையும் நிரப்பிப் பூஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் பூஜைச் சாமான்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். குழி வாய்களில் ஆட்டுக் கொழுப்பு அப்பியிருந்தது. நானும் பட்டாசுக்காரர் வீட்டுப் பெண்; எண்ணெய்க் கையோடு மருந்துப் பக்கம் போனால் அப்பா தோலை உரித்துவிடுவார். மருந்து நமுத்து, வெடிக்காமல் இவர் தலைகுனியக் கூடாதே என்று ஆறையும் பளிச்சென்று துடைத்தேன். பெரிய கெட்டிக்காரி!

ஒரு குழியின் தீ அடுத்ததற்குத் தாவாமல் தடுப்பதே அந்தக் கொழுப்புதான். பூஜை அவசரத்தில் யாரும் குழிகளைப் பார்க்கவில்லை. விசையை அழுத்தியதும் எல்லாம் சேர்ந்து வெடித்தன. குழலைத் தாங்கியிருந்த இடது கையில் மூன்று விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கொளுப்புத் தடவ மறந்துட்டேன் போல, அய்யா" என்றார்.

"மறதிக்காரனுக்கு மருந்து ரூமுல என்னலே வேலை?" மாமனார் சாவியைக் கொழுந்தனாரிடம் கொடுத்துவிட்டார்.

"அய்யா சொல்லுறது சரிதான். என்னால நாலு பேரு செத்துறக் கூடாது" என்று இவரும் ஒப்புக்கொண்டார்.

பாவி நான், பக்கத்திலேயே நின்றும் வாயைத் திறக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று முதலில் பயம். பிறகு வெட்கம். பிறகு சொல்லும் காலமே தாண்டிவிட்டது. லேபிள் ஒட்டும் இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். கலவை வாசம் வரும்போது மட்டும் தலை தூக்கிப் பார்ப்பார்.

விரல் போனதைவிட மறதிக்காரன் என்ற அந்தப் பேர்தான் அவரை அரித்தது. விருதுநகருக்குக் கிளம்பினால் பஸ் ஏறும் இடத்தில் நின்றுவிடுவார்.

"வீட்டப் பூட்டுனனா?"

"பூட்டுனீக."

"நெசமாத்தான் சொல்லுதியா?"

"நெசமாத்தான்."

நம்பாமல் அவ்வளவு தூரம் திரும்பி நடப்பார். பூட்டு பூட்டியபடியே தொங்கும். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் எதையும் மறந்ததே இல்லை.