ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்காரவும்

மலாக்காவுக்கு வந்த புதிதில், கடைக்குப் போய்வர எனக்கு மட்டும் மற்றவர்களைவிட அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. தூரம் காரணமல்ல. காஜா பேராங்கில் எங்கள் வீட்டுப் படியை விட்டு இறங்கினால், பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண்மணி நிற்பார். நெற்றியில் திருநீறு, இடுப்பில் மலாய்க் கைலி. முகமெல்லாம் சிரிப்பாக, “மவு பெகி மானா?” என்பார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். வெளியே கிளம்பியவளை அப்படிக் கேட்டால் நம் ஊரில் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வீட்டுக்குள் திரும்புவேன், உட்காருவேன், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன், பிறகு கிளம்புவேன். அவர் அங்கேயே நின்றிருப்பார். எதையோ மறந்துவிட்டுத் திரும்பினேன் என்று நினைத்து, முன்னிலும் அன்பாக மறுபடி கேட்பார். ஒரு நாள் மூன்று டம்ளர் குடித்துவிட்டு, கடையும் வேண்டாம் கறிகாயும் வேண்டாம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். இங்கே அது வெறும் நலம் விசாரிப்பு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் பெயர் தெய்வானை. மலாக்கா செட்டிகள் என்று இங்கே சொல்கிறார்களே, அந்தக் குடும்பம். எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் வழி. மாரியம்மனுக்குத் தேங்காய் உடைப்பார், பொங்கல் வைப்பார், ஆனால் தமிழ் பேச வராது. வீட்டிலும் வெளியிலும் மலாய்தான். நான் சென்னையில் ஆசிரியப் பயிற்சி முடித்தவள். படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துக் கற்பிப்பது பற்றி ஆய்வேடு ஒன்றும் எழுதிக்கொண்டிருந்தேன். சும்மா இருப்பேனா? சிலேட்டை எடுத்துக்கொண்டு போய், உங்களுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன் என்றேன். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்த என் கணவர்தான் மொழிபெயர்த்தார். தெய்வானை என் சிலேட்டை வாங்கிப் பார்த்தார், துடைத்தார், திருப்பிக் கொடுத்தார். “எனக்குத் தமிழ் வேணும்னு இவங்ககிட்ட எப்பக் கேட்டேன்னு கேக்கறாங்க” என்றார் என் கணவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எனக்கு நல்ல மூக்குடைப்பு. பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வருடம் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அன்று மாலையே அதை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அப்போது மெர்டேக்கா வந்து, அதாவது சுதந்திரம் வந்து, மொழித் தேர்வு இல்லாமலே பிரஜா உரிமை கொடுத்த சலுகைக் காலமும் முடிந்திருந்தது. பிரஜா உரிமை வேண்டுமென்றால் அதிகாரி முன் மலாயில் நாலு வார்த்தை பேசியாக வேண்டும். உரிமை இல்லாதவர்களுக்கு டவுன்போர்டு என்ற நகரசபையில் வேலை போய்விடும், அது கொடுத்த வரிசைக் குடியிருப்பான லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும் என்று ஊரெல்லாம் பேச்சு. தெரு கூட்டுகிறவர்களுக்கும் சாக்கடை வெட்டுகிறவர்களுக்கும் மாலை வகுப்பு நடத்த நம்மவர் சங்கம் ஒன்று தன் அறையைத் திறந்துவிட்டு, என்னைக் கூப்பிட்டது. சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவசரக்காரர். அதிகாரி கேட்கக்கூடிய பத்துக் கேள்வி, பத்துப் பதில் மலாயில் அடித்த தாள் ஒன்றை என் கையில் கொடுத்தார். “மனப்பாடம் பண்ண வைங்க டீச்சர். அவங்களுக்கு இது போதும்” என்றார். ‘அவங்களுக்கு’ என்று அவர் சொன்ன விதம் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

முதல் நாள் வகுப்பில் நான் என்ன கேட்டாலும் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ரப்பர் தோட்டத்திலிருந்து டவுன்போர்டு வரைக்கும் கேள்வி என்றால் மேலிருந்து வருவது, தலையாட்டினால் போதும் என்றே இருந்தவர்கள். அதனால் கரும்பலகையில் ஒரு விதி எழுதிப் போட்டேன்: பதில் சொன்னவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டு உட்காரவும். சங்கத்துத் தாளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அதை நான் தொடவே இல்லை. முதல் வாரம் முழுக்க, “டீச்சர், மணி என்னா?” என்ற கேள்விதான். பிறகு மெல்ல மாறியது. சந்தையில் பேசும் மலாய்ச் சொற்களையும் வீட்டில் பேசும் தமிழ்ச் சொற்களையும் அவர்களே கொண்டு வந்தார்கள், பலகையில் எழுதினோம், அதை வைத்துச் சண்டை போட்டோம். சென்னைப் பேராசிரியர் கடிதம் போட்டார்: பாடத்திட்டம் எங்கே, வாரத்துக்கு ஆளுக்கு எத்தனை எழுத்து என்ற அட்டவணை எங்கே? அட்டவணை கிடையாது, கேள்விகள் இருக்கின்றன, அனுப்பட்டுமா என்று பதில் எழுதினேன். அதற்குப் பின் அவரிடமிருந்து கடிதம் இல்லை. நானும் ஆய்வேட்டை நிறுத்தவில்லை.

வகுப்பிலேயே வாய் துடுக்கானவள் அங்கம்மா. இருபத்தோரு வருடமாகத் தெரு கூட்டுகிறவள். தாளின் ஏழாவது கேள்வி, ஏன் இந்த நாட்டுப் பிரஜையாக விரும்புகிறாய் என்பது. பதில், இந்த நாடு எனக்குச் சோறு போடுகிறது. அங்கம்மா எழுந்து, “நாடு எனக்குச் சோறு போடுதா, நான் வேல செஞ்சு நாட்டுக்குப் போடுறேனா டீச்சர்?” என்றாள். சிரிப்பில் அறை அதிர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் அவளை நான் எங்கே அனுப்புகிறேன் என்று யோசிக்காமல் இருந்துவிட்டேன்.

பிரஜா உரிமை அலுவலகத்தில் அவளுடைய முறை வந்தபோது துணைக்கு நானும் போனேன். மேஜைக்குப் பின்னால் இளவயது மலாய் அதிகாரி, மரியாதையான பையன். பெயர் கேட்டார், சொன்னாள். எத்தனை வருடம் இங்கே என்றார், சொன்னாள். ஏன் பிரஜையாக வேண்டும் என்று கேட்டார். அங்கம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி, “துவான், இனி ஜாலான் சியாப்பா சாப்பு?” என்றாள். ஐயா, இந்தத் தெருவைக் கூட்டுவது யார்? அவர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தெருவில் குப்பை இருக்கிறது என்று புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார். சுகாதாரப் பகுதி கீழ்த்தளத்தில் இருக்கிறது என்று பணிவாக வழி சொன்னார். இல்லை துவான், யார் கூட்டுவது என்று மறுபடி கேட்டாள். அவர் முகம் மாறியது. “லாயின் காலி டாத்தாங்” என்று தாளை மூடினார். இன்னொரு முறை வா. அடுத்த மாதத்துக்குத் தேதி போட்டுக் கொடுத்தார்.

சேதி சங்கத்துக்கு எட்டி, மறுநாளே செயலாளர் அறையைப் பூட்டிவிட்டார். “என்னம்மா டீச்சர், பாவம், ஒரு பொம்பளையோட பொழப்புல விளையாடிட்டீங்களே! நீங்களே தற்காலிக பர்மிட்ல இருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்” என்றார். தாளில் உள்ளதை மட்டும் சொல்லித் தருவதாகக் கையெழுத்துப் போட்டால் சாவி கிடைக்கும். நான் சண்டைக்காரிதான். ஆனால் அவர் சொன்னதில் முதல் பாதி என்னைச் சுட்டது. தோற்றால் லைன் வீட்டை இழக்கப் போவது அங்கம்மா, நானில்லை. என் கொள்கையை அவள் தலையில் கட்டிவிட்டேனோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் தாளை எடுத்துக்கொண்டு லைனுக்குப் போனேன். அங்கம்மா வெளக்குமாற்றுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த ஒரு தடவை மட்டும் இதை ஒப்பித்துவிடு, பிறகு என்ன வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன். அவள் தாளை வாங்கவில்லை. கட்டை இறுக்கிக்கொண்டே பத்துப் பதிலையும் மலாயில் ஒரு பிசகில்லாமல் சொல்லி முடித்தாள்.

“தெரியாமலா கேட்டேன்னு நெனச்சீங்க? லைன் புள்ளைங்களப் படிக்கச் சொல்லி மொத வாரமே அத்துப்படி டீச்சர்.”

“பின்னே ஏன் அங்கே சொல்லவில்லை?”

“அவரு கேட்டதுக்கெல்லாம் சொன்னேன்ல? நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு அவரு சொல்லட்டும், அப்புறம் ஏழாவதும் சொல்றேன்.”

“கிடைக்காமல் போனால் என்ன செய்வாய் அங்கம்மா?”

“மறுபடி போவேன். இருபத்தோரு வருசமா கூட்டுறேன், ஒரு நாள்லயா குப்ப தீந்துபோவுது?” வெளக்குமாற்றைத் தரையில் தட்டிப் பார்த்துவிட்டு, “நீங்க பயப்படுறதுன்னா பயப்படுங்க, எனக்காகப் பயப்படாதீங்க” என்றாள்.

வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, இரண்டும் என் மேல்தான். கற்பித்தல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவள், கற்றவளை நம்பாமல் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். மறுநாள் செயலாளரிடம் போய், கையெழுத்துப் போட மாட்டேன், கரும்பலகை என் காசில் வாங்கியது, அதை மட்டும் கொடுங்கள் என்றேன். பர்மிட் என்று மறுபடி தொடங்கினார். பர்மிட்டைப் பறிக்கிறவர்கள் பறித்துக்கொள்ளட்டும் என்றேன். அந்த மேஜைக்கு முன் நானும் ஒரு நாள் நின்றாக வேண்டும். ஏன் பிரஜையாக வேண்டும் என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. தாளில் இருக்கும் பதிலை மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்று மாலை பலகையைத் தூக்கிக்கொண்டு லைனுக்குக் கிளம்பினேன். இனி வகுப்பு அங்கம்மா வீட்டு முன்னால். படியிறங்கியதும் தெய்வானை, “மவு பெகி மானா?” என்றார். பலகையைச் சுவரில் சாய்த்தேன், உள்ளே போனேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன். இத்தனை வருடமாகியும் என் அம்மாவின் பெண்தான் நான். வெளியே வந்து, எனக்குத் தெரிந்த உடைந்த மலாயில், எங்கே போகிறேன், ஏன் போகிறேன், அறை பூட்டிய கதை எல்லாவற்றையும் சொன்னேன். பதில் சொல்லியாயிற்று. விதிப்படி நான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

“காக், மவு இக்குட்?” என்றேன். அக்கா, கூட வருகிறீர்களா?

தெய்வானை பலகையை ஏற இறங்கப் பார்த்தார். “உன் மலாயை வைத்துக்கொண்டா அவர்களுக்குச் சொல்லித் தருகிறாய்?” என்று மலாயில் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். தெருமுனைக் காப்பிக்கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று உரக்கக் கேட்டார். தெய்வானை சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். என் கால்கள் தாமாகவே வீட்டுப் பக்கம் திரும்பின. பலகையின் மறுமுனை என்னை லைன் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.