பங்க்கில் சொன்ன சொல்

உத்திரமேரூர் பக்கத்து இருளர் குடியிருப்பில் கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்த முதல் ஆள் வெங்கடேசன். ரைஸ்மில்லில் மூட்டை தூக்கப் போனவன், டிராக்டர்காரன் வராத ஒரு நாளில் தானாக ஏறி உட்கார்ந்தான். மில்காரர் திட்டவில்லை, அதனால் இறங்கவும் இல்லை. முப்பத்து நாலு வயதில் பட்டுச்சேலை முதலாளி மணவாளனிடம் டிரைவராகச் சேர்ந்தான். 1997இல் அவர் செகண்ட் ஹேண்டாக ஒரு வெள்ளை அம்பாசிடர் வாங்கியிருந்தார். வெங்கடேசன் அந்தக் காரைத் துடைத்த துடைப்பில், கல்யாணமான புதிதில் கட்டியவளைக்கூட அப்படிக் கவனித்ததில்லை என்று அவன் மனைவி வீரம்மாள் சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் மாட்டாள்.

கார் ஐந்து மாதம் ஒழுங்காக ஓடியது. ஆயுத பூஜை முடிந்த மறுவாரம் கோளாறு ஆரம்பித்தது.

சேலை மூட்டையோடு காஞ்சிபுரம் போகும்போது, மாகறல் தாண்டுவதற்குள் வண்டி இரண்டு முறை விக்கிவிட்டு நின்றுபோனது. மணவாளன் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா, பெட்ரோல் தீந்துபூட்சா?"

"இருக்கணும் மொதலாளி. பாத்துர்றேன்."

பெட்ரோல் முள் வேலை செய்யாத கார் அது. வெங்கடேசன் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தான். பாதி டேங்க் இருந்தது. மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினான். ஒன்றுமே நடக்காததுபோல் வண்டி கிளம்பியது.

அடுத்த வாரமும் நின்றது. இந்தத் தடவை முதலாளி குச்சியை நம்பவில்லை. அந்த வழியாக வந்த டிவிஎஸ் 50-க்காரரிடம் ஒரு கேன் பெட்ரோல் வாங்கிவரச் சொல்லி ஊற்றினார்கள். உடனே கிளம்பியது. மூன்றாவது தடவையும் அதே கதைதான். மெக்கானிக் பிளக்கைத் துடைத்தார், பாயின்ட்டைத் தேய்த்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் பம்பையும் பிரித்துப் பூட்டினார். இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு "வண்டி தங்கம்" என்றார். தங்கம் நாலாவது தடவையும் மாகறலில் நின்றது.

பெட்ரோல் ஊற்றினால் ஓடுகிறது, அப்படியென்றால் பெட்ரோல் இல்லாமல்தான் நிற்கிறது. மணவாளனின் கணக்கு இதுதான். கேட்கிறவனுக்கும் சரியென்றே படும். அன்று மாலை பங்க்கில் பெட்ரோல் போடும் பையன் சேட்டுவிடம், நாலு பேர் நிற்கும்போதே, அந்தக் கணக்கை அவிழ்த்துவிட்டார்.

"நீ போடற பெட்ரோல் எங்க போவுது தெரியுமா சேட்டு? இவன் குழாய் வுட்டு உறிஞ்சி வித்துக்கினு கீறான். திருட்டுப் பய."

மற்றவர்களைப் பார்த்து இப்படிச் சொன்னால் அவர்களும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டுப் போவார்கள். வெங்கடேசனால் அது முடியாது. ஊரில் மோட்டார் காணாமல் போனாலும் கோழி காணாமல் போனாலும் போலீஸ்காரரின் சைக்கிள் முதலில் வந்து நிற்பது இருளர் தெருவில்தான். அவனுடைய தம்பியை ஒரு தடவை சும்மா பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். அந்தச் சொல் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்று வெங்கடேசனுக்குத் தெரியும். பயந்தான். வேலை போனாலும் போகட்டும், பெயர் போகக்கூடாது என்று அன்று ராத்திரி சாப்பிடாமல் கிடந்தான்.

வேலை போகவில்லை. காஞ்சிபுரத்துக்குச் சுமை கொண்டுபோக ஆள் வேண்டுமே. ஒரு உத்தரவு மட்டும் வந்தது: "நான் இல்லாதப்போ பெட்ரோல் மூடி மேல கை வெக்கக்கூடாது."

அதற்கப்புறம் பங்க்குக்குப் போகும்போதெல்லாம் சேட்டு தன் முகத்தைப் பார்க்காமல் மீட்டரையே பார்ப்பதாக வெங்கடேசனுக்குத் தோன்றியது.

உத்தரவு போட்டதும் ஒருவிதத்தில் நல்லதாயிற்று. முதலாளியைக் காஞ்சிபுரத்தில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிய ஒரு நாள், காவாந்தண்டலம் பக்கம் கார் நின்றது. வெங்கடேசன் மூடியைத் தொடவில்லை. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்; கிளம்பவில்லை. புளியமரத்தடியில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி திருப்பினான். கிளம்பியது.

இதற்கு முன்னால் சாவியைத் திருப்பியதும் கிளம்பிய வண்டிக்கு இன்றைக்கு மட்டும் ஏன் ஒரு மணிநேரம்? வழியெல்லாம் யோசித்துக்கொண்டே ஓட்டினான். அன்றைக்கெல்லாம் செய்து இன்றைக்குச் செய்யாதது ஒன்றே ஒன்றுதான். மூடியைத் திறக்கவில்லை. பெட்ரோல் ஊற்றுவதற்கும் மூடியைத்தானே திறக்க வேண்டும்!

ஊர் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் கார் மறுபடி நின்றது. வெங்கடேசன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு உத்தரவை மீறினான். மூடியைத் திருகியதும் 'உஸ்' என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடியின் மேல் மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு காய்ந்து, ரோட்டுப் புழுதியும் சேர்ந்து கல்லாகியிருந்தது. நகத்தால் சுரண்டினான். அடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று போட வேண்டும் என்பது கடைக்குப் போகும் எல்லோருக்கும் தெரியும். காருக்கும் அதே சட்டம்தான்: காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் வெளியே வராது; இடுக்கில் காற்று கசிந்து நிரம்பத்தான் அந்த ஒரு மணிநேரம்.

ஆயுத பூஜையன்று முதலாளியின் மனைவி ஜெகதாம்பாள் காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தது அவனுக்கு நினைவு வந்தது. ஸ்டீரிங், நாலு சக்கரம், விளக்கு என்று வைத்து முடித்துவிட்டு, "சோறு துண்ற வாய வுட்டுட்டமே" என்று பெட்ரோல் மூடிக்குத் தாராளமாக அப்பினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிப் போனது. வெங்கடேசன் பொத்தான் போன சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்திவிட்டான்.

அதற்கப்புறம் கார் நிற்கவேயில்லை. வினையே அதில்தான் வந்தது.

"பாத்தியா? பங்க்ல வெச்சி நாலு வார்த்த கேட்டேன், வண்டி ஒய்ங்கா ஓடுது" என்றார் மணவாளன். வெங்கடேசன் சந்தனத்தைச் சொன்னான். அவர் சிரித்தார். "திருடனத உட்டுட்டு இப்ப சாமி மேல பழி போடறியா?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததை இனி யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. வெங்கடேசனுக்குக் கோபம் வந்தது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. மறுநாள் காலையில் முதலாளி வீட்டு வாசலில் நின்றான்.

"அம்மா, கொஞ்சம் சந்தனம் குடுங்க."

ஜெகதாம்பாள் கிண்ணத்தோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மணவாளன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மூடியின் ஓட்டைமேல் அதைக் கெட்டியாக அப்பினான். வெயிலில் காயட்டும் என்று ஒரு மணிநேரம் விட்டான். பிறகு சாவியை அவரிடம் நீட்டினான்.

"நீங்களே ஓட்டுங்க மொதலாளி. நான் எதையும் தொடல."

மணவாளன் கார் ஓட்டி வருஷக்கணக்காயிற்று. இருந்தாலும் ரோஷத்துக்கு உட்கார்ந்தார். வெங்கடேசன் பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மாகறலுக்கு இந்தப் பக்கமே வண்டி விக்கி நின்றது. அவர் சாவியைத் திருப்பி ஓய்ந்தார்.

"எறங்கி மூடிய நீங்களே தெறங்க."

அவர் திறந்தார். 'உஸ்' சத்தம் ரோட்டில் நின்றிருந்த அவனுக்கும் கேட்டது. பொருக்கைப் பெயர்த்துவிட்டுச் சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது. மணவாளன் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"சரி வுடு. அவளாண்ட சொல்லாத, மனசு கஷ்டப்படும்."

"அம்மாவாண்ட சொல்ல மாட்டேன் மொதலாளி. ஆனா நீங்க பங்க்ல சொன்னீங்க. பங்க்லயே வந்து இல்லன்னு சொல்லணும்."

"இன்னாடா ரொம்ப பேசற?"

வெங்கடேசன் ரோட்டிலேயே நின்றான். காரில் ஏறவில்லை. மணவாளன் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கடைசியில், "ஏறுடா, போலாம்" என்றார்.

பங்க்கில் அன்றைக்கும் மூன்று நாலு பேர் நின்றிருந்தார்கள். மணவாளன் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"சேட்டு, அன்னிக்கி நான் சொன்னது தப்புப்பா. வண்டியிலதான் கோளாறு."

சேட்டு குனிந்து பார்த்தான். "என்னிக்கி மொதலாளி? இன்னா சொன்னீங்க?"

அவனுக்கு நிஜமாகவே நினைவில்லை. மணவாளன் திரும்பி வெங்கடேசனைப் பார்த்தார். வெங்கடேசன் உதவவில்லை. நின்றிருந்தவர்களும் என்னவென்று திரும்பினார்கள்.

"இவன் பெட்ரோல் திருடறான்னு சொன்னேன்ல" என்றார் மணவாளன், கொஞ்சம் உரக்கவே. "திருடல. நான்தான் தப்பா சொன்னேன்."

அன்று வெங்கடேசன் சீக்கிரமே வீட்டுக்கு வந்தான். வீரம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"சொன்னாரா?"

"சொன்னாரு. எல்லார் முன்னாலயும்."

"சேட்டு இன்னா சொன்னான்?"

"எத்தினி லிட்டர் போடணும்னு கேட்டான்."