பாம்பைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கோ

லண்டன் தமிழ் வானொலியொன்றில் அவுஸ்திரேலியாவைப் பற்றிப் பேசும் வேலை எனக்கு ஒதுக்கப்பட்டதற்கு ஒரே காரணம், கனடாவை வேறொருவர் முதலே எடுத்துவிட்டார் என்பதுதான். அங்கே நான் போனதேயில்லை. முதல் நாளே நிலையத்தை நடத்தும் தயாபரன் அண்ணையிடம் அதைச் சொன்னேன்.

"போனாத்தான் கதைக்கலாம் எண்டா ஒருத்தரும் செய்தி வாசிக்கேலாது, தம்பி. மைக்குக்குக் கிட்ட இரும்," என்றார்.

ரெய்னர்ஸ் லேனில் ஒரு மீன்கடைக்கு மேலே ஸ்டூடியோ. ஞாயிறு காலையில் அரை மணித்தியாலம் எனக்கு. ஓட்டுப் போடாவிட்டால் தண்டம் கட்டும் நாடு, ஆனால் வாக்குச்சாவடி வாசலில் சொசேஜ் சுட்டு விற்கும் நாடு என்றேன். ஒரு குதிரைப் பந்தயத்துக்காக ஒரு மாநிலமே லீவு எடுக்கும் என்றேன். பிரதமர் தூங்கி எழும்புவதற்குள் சொந்தக் கட்சியே அவரை மாற்றிவிடும் என்றேன். நிறையப் படித்துவிட்டு வந்துதான் பேசினேன். அரசியலுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

ஒருநாள் நேரம் மிஞ்சியதால் நீச்சல் குளத்தில் பாம்பு கிடந்த செய்தியைச் சொன்னேன். லைன் எல்லாம் நிறைந்துவிட்டது.

பிறகுதான் விளங்கியது. இங்கே ஹரோவில் வீட்டின் ஒரு பக்கச் சுவரைப் பக்கத்து வீட்டுக்காரனோடு பங்கு போட்டு இருக்கும் ஒவ்வொருவருக்கும், சிட்னியில் நீச்சல் குளத்தோடு வீடு வாங்கிய ஒரு தம்பியோ மச்சானோ இருக்கிறார். அந்தக் குளத்தில் நான் பாம்பை விட்டால், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சோறு நன்றாகச் செமிக்கிறது. அதன்பின் அரசியல் ஐந்து நிமிடம். மீதி சிலந்தி, முதலை, சைக்கிள்காரரின் தலையில் கொத்தும் பறவை.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஹரோவிலிருந்து கமலா அக்கா என்றொரு நேயர் நிகழ்ச்சி முடிந்த பிறகு போன் எடுத்தார். மகன் நிரோஷன் இங்கே ஆஸ்பத்திரியில் டொக்டர். அவுஸ்திரேலியாவில் பேர்த்துக்குப் போகப்போகிறேன் என்று நிற்கிறானாம். ஒரே பிள்ளை.

"ஞாயிறில என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போகேக்க காரில உங்கட புரோகிராம் தான் போகும். அடுத்த கிழமை உந்தப் பாம்பைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கோ, தம்பி."

சொன்னேன். எந்தத் தலையங்கத்துக்கும் அவ்வளவு உழைத்ததில்லை. பேர்த் முழுவதும் விஷம் பரவி நின்ற நேரம் லைன் டூ மினுங்கியது. பேடரை ஏற்றி அழைப்பை நேரலைக்கு எடுத்தேன்.

"அங்கிள், நான் நிரோஷன். கோயில் கார் பார்க்கில நிக்கிறன். பாம்பு கடிச்சா அங்க மருந்து இருக்கு. இங்க எங்கட எமர்ஜென்சியில பாம்பு இல்லைத்தான். கட்டிலும் இல்லை."

பக்கத்தில் கமலா அக்கா இருமுவது கேட்டது. வானொலியில் சத்தமில்லாமல் நேரம் போக விடுவதற்கு டெட் எயர் என்று பெயர். அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நிலையத்தின் ஜிங்கிள் பாட்டைத் தட்டிவிட்டேன். கீழே மீன் வெட்டும் சத்தம் ஜிங்கிளோடு சேர்ந்து போனது.

அவன் போய்விட்டான். கமலா அக்கா பிறகு போன் எடுக்கவில்லை. நானும் பாம்பைக் குறைத்துக்கொண்டேன், கேட்பவர்களும் குறைந்தார்கள்.

குளிர் காலத்தில் ஒரு ஞாயிறு, நேரலையில் ஒரு குரல்.

"தம்பி, கமலா கதைக்கிறன். மகனிட்ட வந்து நிக்கிறன், பேர்த்தில." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை இப்ப இரவில நித்திரை கொள்ளுறான், தம்பி."

அந்த ஒரு வசனத்தோடேயே நான் அன்றைக்கு நிகழ்ச்சியை முடித்திருக்கலாம். மரியாதைக்குப் பாம்பை விசாரித்தேன்.

"அதை விடுங்கோ. அங்க லண்டனில இப்ப பிரதமர் ஆர்? நான் வெளிக்கிடேக்க இருந்தவரோ, வேற ஆளோ? இங்க எல்லாரும் கேட்டுச் சிரிக்கினம்."

பின்னால் நிரோஷனும் சிரித்தான். லைன் எல்லாம் நிறைந்துவிட்டது. அடுத்த கிழமையிலிருந்து தயாபரன் அண்ணை என் அரை மணித்தியாலத்தில் பாதியை வெட்டி, லண்டனைப் பற்றிப் பேர்த்திலிருந்து பேசக் கமலா அக்காவுக்குக் கொடுத்தார்.

புதிதாக மைக் பிடிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இன்னொரு நாட்டைப் பகிடி பண்ணும்போது, பிள்ளையை அங்கே அனுப்பப்போகும் ஒரு தாய் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக் கதையுங்கள். தானும் அங்கே போய் இறங்கிய பிறகும் அவர் கேட்பார். அப்போது மைக் அவர் கையில் இருக்கும்.