செங்கேணி மிதிக்காத முதுகு

செங்கேணி பிறந்தபோது தலைக்கு முன்னால் கால் வந்ததாம். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது உத்திரமேரூர்ப் பக்கத்து நம்பிக்கை. நடவுக் கூலிக்காரியான அவளை வாசலோடு நிறுத்துகிறவர்கள், இடுப்பு பிடித்துக்கொண்டால் மட்டும் கூடத்துக்கே கூப்பிட்டு முதுகைக் காட்டுவார்கள். மிதித்து முடித்ததும் அவள் நின்ற இடத்தைக் கழுவிவிடுவார்கள். நல்ல நியாயம்தான்.

எண்பத்து மூன்றாம் வருடம், தை அறுப்பு சமயம், முத்துகிருஷ்ணன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. இருபது காணி நிலத்துக்காரர். ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்த மாத்திரையைத் தலைவலி நின்றதுமே விட்டுவிட்ட மனுஷர். அன்று காலை நெல் மூட்டைக்குத் தானும் தோள் கொடுத்தபோது, துணியைக் கிழித்த மாதிரி நெஞ்சில் சட்டென்று வலி. அது முதுகுக்குப் போய் இடுப்புக்கும் இறங்கிவிட்டது. மூட்டை தூக்கிய சுளுக்கு என்று வீடே தீர்மானித்துவிட்டது.

முப்பது வருடமாக மிதித்தவளுக்குச் சுளுக்கு தெரியாதா? அசைந்தால் வலிக்கும், அசையாமல் கிடந்தால் கொஞ்சம் அடங்கும். இவருக்கு எப்படிப் புரண்டாலும் வலி குறையவில்லை. வேர்வை ஊற்றியது. வலது கை சூடாக இருக்க, இடது கை சில்லிட்டிருந்தது. அதில் நாடியும் சரியாகத் தட்டுப்படவில்லை. செங்கேணி காலைத் தூக்கவே இல்லை.

"இது சுளுக்கு இல்ல ஆண்டே. உள்ள இன்னாவோ ஆயிட்டுக்கீது. ஒடனே பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க."

மிதிக்கக் கூப்பிட்டால் வைத்தியம் சொல்ல வந்துவிட்டாள் என்று அவருடைய மகன் வேதகிரி அவளை விரட்டினான். வாசலில் கார் நின்றது. அதை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? கால் முன்னால் பிறந்த வேறொருத்தியைத் தேடி மாகறலுக்கு! அவளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவர இரண்டு மணி நேரம். அதற்குள் அவருக்கு நினைவு தப்பிவிட்டது.

பிறகுதான் ஆஸ்பத்திரி. டாக்டர் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். ஒன்றில் அதிகம், மற்றதில் ரொம்பக் குறைவு. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்திருக்கிறது, வலி வந்ததுமே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார். சாயங்காலம் உயிர் போய்விட்டது.

செங்கேணி மிதித்திருந்தால் பிழைத்திருப்பார் என்றது ஊர்.

காரியம் முடிந்ததும் முத்துகிருஷ்ணனின் மனைவி ராணியம்மாள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஏன் மிதிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். செங்கேணி தலையைக் குனியவில்லை.

"முப்பது வருசமா என் காலை நம்புனீங்கம்மா. ஒரே ஒரு நாளு என் பேச்சை நம்பலியே."