பெரியப்பா இருந்த இடம்

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் எங்காவது 'இருந்தவர்கள்'. அப்பா தபால் நிலையத்தில் இருந்தார். சித்தப்பா ரயில்வேயில் இருந்தார். அத்தை பத்து காஜா என்ற ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்றால் தாதியாக இருந்தார் என்று அர்த்தம். அதற்காக யாரும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்க ஓடுவதில்லை. ஆகவே ஒரு நாள் சமையலறையில் அத்தை என் அம்மாவிடம், "அப்ப பெரியண்ணன் ஜெயில்ல இருந்தாரு, ரெண்டு வருசம்" என்று சொன்னது காதில் விழுந்தபோது எனக்கு ஒரு குழப்பமும் வரவில்லை. ஒன்பது வயதில் எனக்குத் தெரியாத தமிழே இல்லை என்ற நினைப்பு வேறு.

என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை வெங்காய விலைக்கு மாற்றிக்கொண்டார்கள். பெரிய உத்தியோகத்தைப் பற்றி அடக்கமாகத்தான் பேசுவார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். அத்தையின் பெரியண்ணனான என் பெரியப்பாவும் அதற்கேற்ற ஆள்தான். நெடிய உருவம், குறைந்த பேச்சு. ஈப்போவின் புந்தோங் பகுதியில் எங்களுக்கும் அவருக்கும் அடுத்தடுத்த வீடு. அவர் தெருவில் நடந்து வந்தால் கேரம் ஆடுகிற பையன்கள்கூடச் சத்தத்தைக் குறைப்பார்கள். அவர் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தை நானாகவே மனசுக்குள் மாட்டிப் பார்த்தேன். மிகப் பொருத்தமாக இருந்தது.

அவர் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, அந்த வருடம் மாப்பிள்ளை அமைந்தது. ஈப்போவில் மூன்று தலைமுறையாக ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டு நாற்காலியில் உட்காருமுன் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றிலிருந்து பெரியம்மா வீட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பார்க்க இரண்டு குடும்பமும் ஒரே வேனில் போனோம். மண்டபம் பிடித்துவிட்டது. எல்லாரும் நல்ல மனநிலையில் இருந்தபோது, பழைய கட்டடம் என்றால் உயிரை விடும் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். வழியில் இருக்கும் ஊரில் வெள்ளைக்காரன் காலத்துச் சிறை ஒன்றை மூடி மியூசியமாகத் திறந்திருக்கிறார்கள், அதையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றார்.

பெரியம்மா வெயில் கொளுத்துகிறதே என்றார். உள்ளே நிழல்தானே என்றார் மாப்பிள்ளையின் அம்மா. அதற்குமேல் சம்பந்தி வீட்டாருக்கு என்ன சொல்ல முடியும்?

இப்போது சொல்லிவிடலாம். பெரியப்பா அங்கே வேலை பார்த்தவர் அல்ல. இருபத்திரண்டு வயதில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது, தார்ப்பாய்க்குக் கீழே என்ன சரக்கு என்று கேட்காமல் ஓட்டியதற்காக உள்ளே போனவர். மாப்பிள்ளை வீட்டாருக்கு அது தெரியாது. தெரிந்தால் அக்காவின் கல்யாணம் அன்றோடு சரி. வேனில் இதை அறியாமல் போனவர்கள் அவர்களும் நானும்தான். அவர்கள் சும்மா இருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஜெயில் அது ஒன்றுதான், அதனால் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை.

சிறையின் மதிலைப் பார்க்க நான் அண்ணாந்தேன். அவ்வளவு உயரமான சுவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஜன்னல் கிடையாது, பூச்சு கிடையாது, மழையில் கருத்துப்போன கல் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. லாரியே நுழையும்படி ஒரு கதவு. அதற்குள் ஆள் நுழைய ஒரு சின்னக் கதவு. மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தபடியே போய்க் கொண்டையை இடித்துக்கொண்டார். பெரியப்பா அண்ணாந்து பார்க்கவே இல்லை. சரியான இடத்தில் சரியான அளவுக்குக் குனிந்து உள்ளே போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உள்ளே இன்னும் பெரிது. மூன்று மாடிக்கு இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள், நடுவில் இரும்பு நடைபாலங்கள், கூரைக் கண்ணாடி வழியாகக் கீழே விழும் வெளிச்சம். யாரும் சொல்லாமலே எல்லாரும் குரலைத் தாழ்த்தினோம். நான் ஒரு தும்மல் போட்டேன். அது மூன்று மாடியும் ஏறி இறங்கி என்னிடமே திரும்பி வந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. இந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் பெரியப்பாவின் கையில் இருந்தது என்று நினைத்தபடி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

சுற்றிக் காட்டியவர் நம் தமிழ் ஆள்தான். பெரியப்பாவின் வயது இருக்கும். அந்தச் சிறையிலேயே வார்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். பேசிக்கொண்டே வந்தவர் பெரியப்பாவின் முகத்தைக் கண்டதும் ஒரு வார்த்தையைப் பாதியில் விட்டார். பிறகு கண்ணைத் திருப்பிக்கொண்டு தொடர்ந்தார்.

முற்றத்துக்கு வந்தபோது, "இங்கதான் காலையில பெரட்டு" என்றார். தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவதற்குப் பெரட்டு என்று பெயர். சிறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் சொன்னார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

"எங்க பெரியப்பாவும் இங்கதான் இருந்தாரு" என்றேன். அந்த முற்றத்தில் குரல் நன்றாகவே கேட்டது.

பெரியம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. மறுநாளும் அந்த இடம் வலித்தது. அக்கா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகப் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

வார்டர்தான் பேசினார். "ஆமாக்கா, இருந்தாரு. எனக்கு நல்லாத் தெரியும்லா. பெரட்டுக்கு அண்ணன்தான் மொத ஆளா வந்து நிப்பாரு. ஒரு நாள் பிந்தினது இல்ல."

மாப்பிள்ளையின் அம்மாவின் முகம் மலர்ந்தது. "கவர்மெண்ட்ல இருந்தீங்களா அண்ணே? சொல்லவே இல்லியே. அப்ப பென்ஷன் வருதா?"

"ரெண்டு வருசந்தாம்மா" என்றார் பெரியப்பா. "அப்புறம் விட்டுட்டாங்க."

"அடடா. இன்னுங் கொஞ்சம் பொறுத்திருந்தா நிரந்தரமாக்கியிருப்பாங்க."

வார்டர் வானத்தைப் பார்த்தார். பெரியப்பாவுக்கு இருமல் வந்தது. யாரும் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை இன்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. அன்று எனக்கு ஒரே வருத்தம்தான். இவ்வளவு நல்ல வேலையைப் பெரியப்பா விட்டுவிட்டாரே என்ற வருத்தம். மாப்பிள்ளை மட்டும் கையிலிருந்த கேமராவை இறக்கினார். பெரியப்பாவைப் பார்த்தார், வார்டரைப் பார்த்தார், பிறகு கேமராவை மூடிப் பையில் வைத்துவிட்டார்.

கடைசியாக ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே இரண்டு மூன்று பேர்தான் நிற்கலாம். பெரியம்மா வரவில்லை. நானும் பெரியப்பாவும் போனோம். என் நடைக்கு நீளம் ஏழு அடி, அகலம் நாலு. தலைக்கு மேலே கைக்குட்டை அளவில் ஒரு ஜன்னல், அதில் கொஞ்சம் வானம். சுவர் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது. யாரை இதற்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். பெரியப்பா சுவரில் உள்ளங்கையை வைத்தபடி, "நம்மள மாதிரி ஆளுங்கதாம்மா" என்றார். என்னை அவர் அதற்குமுன் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

வெளியிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். நான் ஒரே தாவலில் வெளியே வந்தேன். எல்லாரும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். வார்டரும் முன்னால் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் பெரியப்பா வரவில்லை. அறைக்குள், வாசற்படிக்கு ஓர் அடி உள்ளே நின்றுகொண்டிருந்தார். கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. கண் தரையில் இருந்தது. கதவு அகலத் திறந்திருந்தது.

"வாங்க பெரியப்பா" என்றேன். அவர் அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவை கூப்பிட்டேன். அதற்கும் அப்படியே நின்றார். என் குரல் அதற்குப் போதவில்லை.

மாப்பிள்ளைதான் திரும்பி வந்தார். அறைக்கு வெளியே நின்று, உள்ளே ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ, என்னை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தினார். குரலைத் தாழ்த்தி, ஆனால் ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி, "போலாம் மாமா" என்றார்.

அதன் பிறகுதான் பெரியப்பாவின் கால் படியைத் தாண்டியது. சின்னக் கதவு வரைக்கும் மாப்பிள்ளை அவருக்கு அரையடி பின்னாலேயே நடந்து வந்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. இன்றுவரை தன் அம்மாவிடம் அவர் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

கதவு திறந்திருக்கும்போது ஒரு மனிதரை யாராவது வந்து ஏன் வெளியே வரச் சொல்ல வேண்டும் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. மாமனார் என்றால் மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை என்றுதான் நினைத்துக்கொண்டேன்.