முசேக்கிவாவின் கோட்டு

ஷுவாய்க்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது. ரொட்டி வரிசையில் நின்றாலும் முன்னே நாலு பேரிடம் வம்பு, பின்னே நாலு பேரிடம் வம்பு. காலில் சக்கரம் என்று ஹராரேயின் புடிரிரோ பேட்டை முழுக்கச் சொல்லும். மகன் பனாஷே பிழைப்புத் தேடி ஜோகன்னஸ்பர்க் போய்விட்டான். புருஷன் அதற்கும் முன்பே எங்கோ போய்விட்டான், எங்கே என்று அவள் விசாரிக்கவும் இல்லை. வாரம் ஒருமுறை எல்லை தாண்டி அடுத்த நாட்டு முசினாவுக்குப் போவாள். சோப்பும் எண்ணெயும் சுமந்து வந்து ஹராரேயில் விற்பாள்.

ஒருமுறை முசினா மொத்தக் கடைக்காரன் தொலைக்காட்சியைக் காட்டிச் சொன்னான்: "பாருக்கா, உலகமே உங்க நாட்டைப் பத்தித்தான் பேசுது. பெரிய கூட்டம் போட்டிருக்காங்க."

"பேசட்டும். கூட்டத்துல டீயாவது குடுக்குறாங்களா?"

"உங்க நாட்டை ஆளுற அந்தக் கிழவரை நீங்களே தூக்கி எறிஞ்சா என்ன?"

"நீ வந்து ஒரு கை பிடி. உன் பக்கத்துக் காலு உனக்கு, இந்தப் பக்கத்துக் காலு எனக்கு." கடையே சிரித்தது. ஷுவாய் சிரிக்கவில்லை. சோப்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அப்பா அவளுக்கு விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்று. யானைக் குலத்து வீடு ஒன்றுக்கு அவள்தான் சாவிரா, அதாவது சடங்குத் தோழி. அவளுடையது குரங்குக் குலம். பாட்டன் காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு இந்த வீடு, இந்த வீட்டுக்கு அந்த வீடு என்று உறவு. ரத்த உறவு இல்லை, அதைவிட நெருக்கம். யானைக் குலத்தில் ஒரு சாவு விழுந்தால் சொந்தக்காரர்கள் அழலாம். சாவிரா அழக்கூடாது. கதவைத் தட்டாமல் உள்ளே வருவாள். செத்தவனின் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொள்வாள். அவன் நடந்த மாதிரி நடப்பாள், அவன் குரலிலேயே சொந்தக்காரனை எல்லாம் வண்டை வண்டையாகத் திட்டுவாள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த உடுப்பு மேலே இருக்கும்வரை யாரும் அவள்மேல் கை வைக்கவும் கூடாது. அவள் வழிவிடாமல் சவப்பெட்டி வாசலைத் தாண்டாது.

2008 மழைக்காலம் வந்தது. குழாயில் தண்ணீர் நின்று மாதக்கணக்காகியிருந்தது. தெருவில் சாக்கடை ஓடியது. ஜனங்கள் கொல்லையில் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு குடித்தார்கள். பிறகு என்ன, காலரா. வானொலியில் ஒருநாள் காலராவே இல்லை என்றார்கள். இன்னொரு நாள், இருந்தாலும் அது வெளிநாட்டான் தூவியது என்றார்கள். கால்பந்து மைதானத்தில் வெளிநாட்டு மருத்துவர்கள் வெள்ளைக் கூடாரம் போட்டார்கள். கூப்பிட்டால்தான் வீட்டுக்குள் வருவார்கள்; கூப்பிட்டவன் பெயர் ஆளுங்கட்சிக்குப் போகும். நாசமாய்ப் போகிற காலம் அது, வேறென்ன சொல்ல?

அந்த யானைக் குலத்து வீட்டு முசேக்கிவா மினி பஸ் ஓட்டுகிறவன். முந்தின நாள் சாயங்காலம் வண்டி கழுவிக்கொண்டிருந்தான், விடிவதற்குள் போய்விட்டான். அவன் அண்ணன் எல்ஃபாஸ் அந்த வட்டத்தின் கட்சித் தலைவர். ஊரே சேர்மன் என்று கூப்பிடும். ஆள் பருமன், எப்போதும் டை கட்டியிருப்பார். "தம்பிக்கு வயித்து வலி. அவ்வளவுதான். எவனாவது வேற வார்த்தை சொன்னா நாக்கு இருக்காது" என்று அறிவித்துவிட்டார். கூடாரத்து ஆட்கள் வந்தால் விரட்ட வாசலில் கட்சிப் பையன்களை நிறுத்தினார். பிணத்தைக் குளிப்பாட்டி, முகம் பார்த்து, எல்லோர் கையையும் குலுக்கி, சட்டி நிறையச் சமைத்து, எல்லாம் முறைப்படி நடந்தது.

ஷுவாய் காலையில் வந்தாள். கோட்டை எடுக்க உள்ளறைக்குப் போனாள். முசேக்கிவாவின் பழுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியது. அதன் கீழே, ஈரச் சாக்கில், அவன் மகள் சியெட்சா சுருண்டு கிடந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தது. கன்னத்தைக் கிள்ளினால் தோல் கிள்ளினபடியே நின்றது.

விதவை எஸ்னாத் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்தாள். அடக்கம் முடியும்வரை அவள் பாயைவிட்டு எழக்கூடாது, அது வழக்கம்.

"பனாஷே அம்மா, விடிஞ்சதுலேர்ந்து போயிட்டே இருக்கு. இப்ப தண்ணியாத்தான் போகுது. குடுத்தா வாந்தி எடுக்குறா."

"கூடாரத்துக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதானே? யாரு தடுக்குறா?"

"பெரியவர்தான். அடக்கம் முடியட்டுங்கிறார்." எஸ்னாத் அவள் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டாள். "சாயங்காலம் வரைக்கும் தாங்குமா? நீ சொல்லு, தாங்குமா?"

தாங்காது. ஷுவாய்க்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது.

நேரே எல்ஃபாஸிடம் போனாள். அவர் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சேர்மன், குழந்தை போயிரும்."

"சளி பிடிச்சிருக்கு."

"சளியா? சளி கீழ வழியாவா போகும்?"

"ஷுவாய்!" அவர் குரலைத் தாழ்த்தினார். "என் வீட்டுப் பிள்ளை அந்த வெளிநாட்டான் கூடாரத்துல படுத்தா, நாளைக்கு அவன் ரேடியோவுல நான்தான் செய்தி. மேல இருக்கிறவன் என்னைச் சும்மா விடுவானா? நீ போய் உன் வேலையைப் பாரு. ஜனங்க காத்திருக்காங்க."

சரி, என் வேலையைப் பார்க்கிறேன் என்று அவள் திரும்பினாள். கோட்டைப் போட்டாள். முழங்கால் வரை தொங்கியது. அவனுடைய தொப்பியைச் சாய்த்து வைத்தாள். முசேக்கிவா இடது காலை இழுத்து இழுத்து நடப்பான். அப்படியே முற்றத்தில் இறங்கினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெண்கள் குலவை விட்டார்கள். செத்தவனே எழுந்து வந்த மாதிரி இருந்தது.

பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்தபோது குறுக்கே விழுந்து படுத்தாள்.

"தூக்கிருவியா என்னை? தூக்கிருவியா? உயிரோட இருக்கையில ஒரு லிஃப்ட் குடுத்ததுண்டா எவனாவது?"

வழிவிடச் சொல்லி, வழக்கப்படி எல்ஃபாஸ் நோட்டுக் கட்டை அவள்மேல் எறிந்தார். எத்தனை சைபர் இருந்தாலும் அந்தப் பணத்துக்கு அப்போது தீப்பெட்டிகூட வராது. அவள் ஒரு நோட்டை உருவி மூக்கைச் சிந்திப் போட்டாள். மறுபடி சிரிப்பு.

"எனக்குப் பணம் வேணாம்ணே. என் பொண்ணு உள்ள சாகுறா. அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. அப்புறம் என்னைப் புதை."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது.

"காலராண்ணே! எனக்கு வந்தது காலரா! சொல்லு எல்லாருக்கும்!"

"அடி பாவி, அவன் மாதிரியே கத்துறா பாரு!" என்று ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஷுவாய் எழுந்து நின்றாள். தொப்பியை எடுத்தாள். தன் சொந்தக் குரலில் சொன்னாள்: "கேலி இல்ல. சத்தியமா. சியெட்சா உள்ள கிடக்குறா, யாராவது வந்து பாருங்க." குரல் உடைந்தது. அதற்கும் கைதட்டினார்கள். பெரியவர் ஒருவர், "இவ அப்பனைவிட இவ கெட்டிக்காரி" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த நாட்டில் வாயைத் திறந்து எதை வேண்டுமானாலும் சொல்ல உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அதனாலேயே அவள் சொல்வது எதுவும் யார் காதிலும் ஏறாது. இத்தனை வருஷமாகப் பெரிய மனுஷர்களைப் பொளந்து கட்டுகிறோம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாளே! அவர்களுக்கு ஒரு மயிரும் உதிரவில்லை. ஆத்திரமாக வந்தது.

விறுவிறுவென்று உள்ளே போனாள். பாயோரம் குனிந்தாள்.

"தூக்கி வை முதுகுல."

எஸ்னாத் பாயில் உட்கார்ந்தபடியே பிள்ளையைத் தூக்கி வைத்தாள். துண்டால் இறுக்கிக் கட்டினாள். ஷுவாய் மேலே கோட்டை இழுத்து மூடிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். இல்லாத ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"டவுன், டவுன், டவுன்! ஒரே ஒரு சீட்டுதான்! ஏறு ஏறு ஏறு! ஏய் குண்டம்மா, தள்ளி நில்லு, வண்டிக்குப் பிரேக் இல்ல!"

வாயாலேயே ஹாரன் அடித்தாள். இடது காலை இழுத்து இழுத்து ஓடினாள். ஜனங்கள் விலகி வழிவிட்டார்கள். எல்ஃபாஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். ஆனால் கோட்டின்மேல் யார் கை வைப்பது? அதுவும் ஊரே சிரிக்கிறபோது? வாசலில் நின்ற கட்சிப் பையன்கள் கதவை அகலத் திறந்து, தகரத்தில் தட்டி, "ரைட், போலாம்!" என்றார்கள்.

தெரு நெடுக அப்படியே போனாள். பெண்கள் கொஞ்ச தூரம் குலவை விட்டபடி பின்னால் வந்தார்கள். பிள்ளையின் தலை அவள் முதுகில் டொக் டொக்கென்று இடித்தது. பிறகு இடிப்பதுகூட நின்று, ஒரே கனமாகச் சாய்ந்தது. "சியெட்சா, ஏய், தூங்காதடி. அப்பா வண்டியில தூங்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஹாரன் அடித்தாள். கண்ணீர் ஓடியது. அதையும் பார்த்து ஒரு பெட்டிக்கடைக்காரன் சிரித்தான்.

கூடாரத்தில் பிள்ளையைக் கட்டிலில் போட்டு, கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி ஏற்றினார்கள். பாட்டில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. ரொம்ப நேரம் கழித்துப் பிள்ளை ஒரு முனகல் முனகியது. "பிழைச்சுக்கும்க்கா" என்றாள் உள்ளூர் நர்ஸ்.

அன்றைக்குக் கூடாரத்தைப் பார்வையிட வெளிநாட்டு அதிகாரி ஒருவர் வந்திருந்தார். கழுத்தில் அட்டை, வெயிலில் சிவந்த மூக்கு. தொளதொளக் கோட்டில் உட்கார்ந்திருந்த ஷுவாயைப் பார்த்து நர்ஸ் மூலமாகக் கேட்டார்: "உங்க நாட்டுக்கு உலகம் என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?"

"உங்க ஆளுங்க எங்க சாவு வீடுங்க வாசல் வரைக்கும் வந்தாங்களா?"

"வந்தாங்க. அனுமதி கிடைக்கல."

"சாவு வீட்டுல அனுமதியா?" ஷுவாய் எழுந்துவிட்டாள். "வேலிக்கு வெளிய நின்னு ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டுறதும், அந்த வீட்டுக்காரன் அயோக்கியன்னு ஊரெல்லாம் சொல்றதும் யாருக்கு வேணும்? உள்ள வரணும்யா. வந்து திட்டணும். திட்டிக்கிட்டே பாத்திரம் கழுவணும்."

அதிகாரி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "உள்ள நுழைஞ்சா படையெடுத்தோம்னு சொல்லுவாங்க. நாளைக்கே இந்தக் கூடாரத்தைப் பிடுங்கிருவாங்க. இங்க படுத்திருக்கிறவங்களை அப்புறம் யாரு பார்க்கிறது?"

ஷுவாய் வரிசையாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும், நான் சோப்பு விக்கிறவ" என்று முணுமுணுத்தாள். உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், பிள்ளையின் நெற்றியை ஒருமுறை தொட்டுவிட்டுக் கிளம்பினாள். கோட்டு இல்லாமல் அங்கே பெட்டி நகராதே.

வழியெல்லாம் எல்ஃபாஸோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். கோட்டைக் கழற்றினதும் பையன்களை ஏவி அடிப்பார். அடிக்கட்டும். எல்லைக்கு ஓடிவிடலாம். அடித்தால் பிள்ளை திரும்பி வந்துவிடுமா கூடாரத்திலிருந்து? வராது. அது போதும்.

முற்றத்தில் ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்ஃபாஸைக் காணோம். எஸ்னாத்திடம் விஷயத்தைச் சொல்லலாம் என்று கொல்லைப் பக்கமாகச் சுற்றி வந்தாள். கழிப்பறைச் சுவரில் சாய்ந்து அவர் நின்றுகொண்டிருந்தார். டை அவிழ்ந்து தொங்கியது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"அடிக்கப் போறியா சேர்மன்? நான் இன்னும் கோட்டைக் கழட்டல."

"பிள்ளை?"

"பிழைச்சிருச்சு."

அவர் தலையாட்டினார். ஏதோ சொல்ல வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது கண் குழிக்குள் இருந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேர்ந்து?"

"நீ போனதுலேர்ந்து. இல்ல, அதுக்கும் முன்னாடியே." அவர் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே அவருடைய பையன்கள்தான் நின்றார்கள். "நானா அங்க நடந்து போக முடியாது, ஷுவாய். இவனுங்களே மேல சொல்லிருவானுங்க."

சாகட்டும் என்று நினைத்தாள். ஒளிப்பானேன், அப்படித்தான் நினைத்தாள். இந்த ஆளின் ஒரு வார்த்தைக்குப் பயந்து எத்தனை வீட்டில் பிணம் விழுந்தது! தாகத்தில் நாக்கு வறண்டு இவரும் கிடக்கட்டும், அப்போது தெரியும். அவள் திரும்பி நாலடி நடந்தும் விட்டாள்.

"ஷுவாய்." பின்னாலிருந்து சின்னக் குரல். "அவங்களைச் சிரிக்க வை. பிள்ளையைக் கொண்டுபோன மாதிரியே."

கோட்டு தோளில் கனத்தது. முசேக்கிவா இருந்திருந்தால் அண்ணனை விட்டிருப்பானா? விட்டிருக்க மாட்டான், அந்த முட்டாள். ஷுவாய் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தாள். கை சில்லென்றிருந்தது. நாளெல்லாம் துணி துவைத்தவள் கைபோல விரல்கள் சுருங்கிப்போயிருந்தன.

"நடப்பியா?"

"நடப்பேன்."

மற்றக் கையால் அவர் டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவே வந்தாள். தெருக்கோடி வரை கேட்கக் கத்தினாள்: "எல்லாரும் பாருங்க! இத்தனை வருஷம் என்னை இழுத்தடிச்ச அண்ணனை இன்னைக்கு நான் இழுத்துட்டுப் போறேன்! பொணத்துக்குக் கோபம் வந்தா இப்படித்தான்! நடடா குண்டா, நட!"

கூட்டம் உருண்டு சிரித்தது. பையன்கள் விசிலடித்துக் கதவைத் திறந்தார்கள். எல்ஃபாஸும் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டினார். வாசல் தாண்டியதும் அவர் கால் மடங்கியது. ஷுவாய் அவர் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, திட்டுவதை நிறுத்தாமல், மைதானத்தைப் பார்த்து நடந்தாள்.