கரை மேல் போன தண்ணீர் லாரி

செய்தி வந்தபோது நான் முத்துப்பேட்டை டீக்கடையில் முருகையன் மாப்பிள்ளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். "எங்க மாப்பிள்ளை இருக்காரே, விசா இல்லாம ஒரு நாட்ட விட்டு இன்னொரு நாட்டுக்குள்ள லாரிய இறக்கினவரு" என்று ஆரம்பித்து மணல் புயல் வரைக்கும் வந்திருந்தேன். கடையே டீயைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டது. அப்போது போன் அடித்தது. தங்கச்சி மகன் செல்வம். "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றான். "எங்கடா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கதை அங்கேயே நின்றுவிட்டது. படத்திறப்புக்கு வரும் உறவுகளும் ஊராரும் படிக்க அதை இங்கே எழுதி முடிக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். பிழை இருந்தால் அச்சாபீஸ்காரர் பொறுப்பு.

என் தங்கை ராசாத்தியின் வீட்டுக்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரத்தநாடு வரைக்கும் அவரைப் போல டிராக்டர் ஓட்ட ஆள் கிடையாது. மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்தார். குத்தகைத் தகராறு கொதித்த காலம் அது. உழுகிறவனை வெளியேற்றக் கூடாது என்று சென்னையில் சட்டம் பேசியது. இங்கே வரப்பில் அரிவாள் பேசியது. தானோ தன் குடும்பமோ சேற்றில் இறங்கிப் பாடுபட்டால்தான் குத்தகை நிற்கும். நிலத்தில் ஆள் இல்லையென்றால் மிராசுதார் எடுத்துக்கொள்ளலாம். அந்த நேரம் பார்த்து ஆற்றில் தண்ணீர் வராமல் இரண்டு போகம் காய்ந்தது. "சம்பா நடவுக்குள்ள வந்துடுறேன்" என்று ராசாத்தியிடம் சொல்லிவிட்டு மாப்பிள்ளை என்னோடு குவைத்துக்குப் புறப்பட்டார்.

அங்கே பாலைவனத்து ஆட்டுப்பட்டிகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டினார். பக்கத்து சீட்டில் நான். ஆடி மாதம் ஒரு நாள் மணல் புயல் பிடித்துக்கொண்டது. தென்னை உயரத்துக்கு மணல். பனை உயரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடம் மறைந்துபோனது. கொஞ்சம் தெளிந்தபோது எதிரே நீளமாக ஒரு மண்கரை. மாப்பிள்ளையின் முகம் மலர்ந்துவிட்டது.

"மச்சான், கரை! கரையப் புடிச்சா ஊரு வந்துடும்!"

நம்மூர்க்காரன் வேறு என்ன நினைப்பான்? நமக்கு முள்ளியாற்றங்கரைதானே ரோடு? பெண் அழைப்பும் அதில்தான், பிணமும் அதில்தான். லாரியை ஏற்றினார். கொஞ்ச தூரத்தில் கரை உடைந்து கிடந்தது. சரிவு எந்தப் பக்கம் வாகாக இருந்ததோ அந்தப் பக்கம் இறங்கினார். அது சவூதி. அந்தக் கரைதான் எல்லை.

பத்து ஜீப் வந்து சூழ்ந்துகொண்டது என்று நான் சொல்வது வழக்கம். படமாகிவிட்டவர் முன்னால் சொல்கிறேன், வந்தது ஒன்றுதான். காவல் முகாமில் சமையல் வேலை பார்த்த ஒரு மலையாளிதான் மொழிபெயர்த்தார்.

"கரை மேல எதுக்கு கேறினீங்க? சார் கேக்குது."

"எங்க ஊர்ல கரைதாங்க ரோடு."

"அப்போ ரோட்டுல என்ன செய்யும்?"

"நெல்லு காயப்போடுவோம்" என்றேன் நான். அதிகாரிக்கு அது கிண்டலாகப் பட்டிருக்க வேண்டும்.

கடத்தல் சரக்கு இருக்கிறதா என்று பார்க்க டேங்கைத் திறந்துவிட்டார்கள். துப்பாக்கியைக் கண்டு கலங்காத மனுஷன் அப்போது அழுதார். "ஐயா, தண்ணிங்கய்யா. சும்மா தரையில விடாதீங்கய்யா." சொல்லிக்கொண்டே குதிகாலால் மணலைக் கீறி ஒரு வாய்க்கால் இழுத்தார். முகாம் சுவரோரம் வாடிக்கிடந்த பேரீச்சங்கன்றுக்குத் தண்ணீர் ஓடியது. யாரும் தடுக்கவில்லை. அதிகாரி அந்தக் கன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஓட்டியவருக்குக் கோர்ட், ஜெயில். கூட வந்தவன் ஊருக்குப் போகலாம். "நான்தான் ஓட்டினேன்" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். லைசென்ஸ் கேட்டார்கள். அதோடு என் வீரம் முடிந்தது.

"போங்க மச்சான்" என்றார் அவர். "நாத்து விட்டிருப்பா. முத்திப்போறதுக்குள்ள நட்டுடணும். யாரு வந்து என்ன சொன்னாலும் வயல விட்டு ஏற வேணாம்னு சொல்லுங்க."

வந்து சொன்னேன். நடவன்று மிராசுதாரின் காரியஸ்தர் ஆட்களோடு வரப்பில் வந்து நின்றார். "ஏம்மா, புருஷன் வெளிநாட்டு ஜெயில்ல கெடக்கான். இங்க யாரு பயிர் பண்றது?"

ராசாத்தி நிமிர்ந்தாள். "முழங்கால் வரைக்கும் அப்பியிருக்கே, இது என்ன நலுங்குக்கு வச்ச சந்தனமா? நல்லாப் பாத்துட்டுப் போங்க."

நடவுப் பெண்கள் சிரித்த சிரிப்பு மன்னார்குடிக்குக் கேட்டிருக்கும். கடைசி முடி நாற்று ஊன்றும்வரை அவள் வயலை விட்டு ஏறவில்லை. பின்னால் தாலுக்கா ஆபீஸிலிருந்து பார்வையிட வந்தவர் பச்சை கட்டிய பயிரைத்தான் பார்த்தார். நிலம் நின்றது.

தை அறுவடைக்கு மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். பாதியாக இளைத்திருந்தார். வீட்டுக்குப் போகாமல் நேராக வயலுக்குப் போய் ஒரு கதிரைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். நான் கதையை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிரிப்பவர், ஜெயிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அங்க ஜன்னல் இல்ல மச்சான்" என்று எழுந்து போய்விடுவார். அதற்குப் பிறகு எந்தக் கரையிலிருந்து இறங்கும்போதும், பிறந்த ஊரிலேயேகூட, நின்று கேட்பார்: "இறங்கினா யாரு எடம்?" நாங்கள் கேலி செய்தோம். கேலி செய்திருக்கக் கூடாத இடம் அது என்று இப்போது தோன்றுகிறது.

கரை மேல்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனோம். செல்வம் கொள்ளிக்குடத்தோடு சுற்றிவந்தான். குடத்தில் ஓட்டை போடப் போடத் தண்ணீர் காய்ந்த தரையில் கொட்டியது. என் கால் தானாக நகர்ந்தது. ஓரத்தில் நின்ற பூவரசங்கன்றைப் பார்த்துக் குதிகாலால் ஒரு கோடு இழுத்தேன்.

திரும்பி வந்து ராசாத்தியிடம் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"எட்டுச்சாண்ணே?"

எட்டியது, கன்றே நனைந்துவிட்டது என்று சொல்லத்தான் வாய் வந்தது. முடியவில்லை. "பாதி தூரம்தான் போச்சு" என்றேன்.

"மீதிய நீ ஊத்திட்டு வா."

தினமும் ஊற்றுகிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்தக் கோடும் அந்தக் கேள்வியும்தான். சுடுகாட்டுக்கு இறங்கும் சரிவில் குடத்தோடு ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்கிறேன், இறங்கினா யாரு எடம் என்று.

எங்க மாப்பிள்ளை எடம். இறங்குகிறேன்.